குடிநீருக்குக் கேனா, ஆர்.ஓ.வா, அடுப்பா?

நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர் ஆகும். கடைக்குத் துணிப்பை கொண்டுபோவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த 15 லிட்டரை எந்த வழியில் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. வருஷம் 365 நாளும் நடக்கிற காரியம் இது. பொருந்தாத வழியைப் பிடித்தால், ஒரு குடும்பம் ஆண்டுக்குப் பதினாறாயிரம் லிட்டர் தண்ணீரைச் சாக்கடையில் விடும். இல்லாவிட்டால் இருநூற்றெழுபது கேன்களை வேனில் ஏற்றி வரவழைக்கும். பல வீடுகளில் இந்த இரண்டுக்குமே அவசியம் இல்லை.

நம் ஊர்களில் இருக்கும் வழிகள் நான்கு: கேன், தண்ணீரில் கரைந்த உப்பையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. கருவி, உப்பில் கைவைக்காமல் கிருமியை மட்டும் கொல்லும் யு.வி. கருவி, அப்புறம் காய்ச்சிக் குடிப்பது. இதில் எது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ குழாயில் வரும் வீட்டுக்கு ஆர்.ஓ.வும் வேண்டாம், கேனும் வேண்டாம். உப்பு மிகுந்த போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதான், ஆனால் அது கழித்துவிடும் தண்ணீரை அந்த வீட்டுக்குள்ளேயே செலவழித்தாக வேண்டும்.

உங்கள் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டம்ளர் தண்ணீரில் முக்கினால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று ஏறக்குறையக் காட்டிவிடும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, இந்த அளவு 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது.

கோவையில் சிறுவாணி வரும் தெருவில் மீட்டரை முக்கினால் எண் ஏறவே யோசிக்கும். அவ்வளவு மென்மையான தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் வரும் நெல்லை வீடுகளும் இந்த வகையில் கொடுத்துவைத்தவை. சென்னையில் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தண்ணீர், வீராணம் தண்ணீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து எடுக்கும் தண்ணீர் என்று பகுதிக்குத் தகுந்தபடி வருகிறது. அதே சென்னையில் கடலோரத்துப் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம்.

சிக்கல் எங்கே என்றால், அடுக்குமாடிகளில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றையும் ஒரே சம்ப்பில் விட்டுக் கலக்கிவிடுகிறார்கள். நல்ல தண்ணீர் அங்கேயே கெட்டுப்போகிறது. பழைய கட்டடங்களில் கீழ்த்தளத்தில் மெட்ரோ தண்ணீருக்கென்று தனியாக அடிபம்பு இருக்கும். அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது. சமையலறைக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரைத் தனிக் குழாயில் கொண்டுவர ஆகும் செலவை எல்லா வீடுகளும் பங்குபோட்டால், வீட்டுக்கொரு ஆர்.ஓ. வாங்குவதைவிடக் குறைவாக முடிய வாய்ப்பு உண்டு. சங்கக் கூட்டத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

மீட்டர் எல்லாவற்றையும் சொல்லாது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. புளோரைடு, நைட்ரேட் தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடால் பல்லில் கறை படிந்து, எலும்பு வளைந்து அவதிப்பட்டவர்கள் ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே பெரும்பாலும் அதற்காகத்தான் வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட பகுதியில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பரிசோதிக்கலாம்.

இந்தச் சோதனைகளைச் செய்யாமல், வீட்டுக்கு வரும் விற்பனையாளர் காட்டுவதை மட்டும் நம்பி வாங்கியவர்கள்தான் அதிகம். அவர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை முக்கி, பிளக்கைச் சொருகுவார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகி, கரும்பச்சையாகி, மேலே திட்டுத் திட்டாக அழுக்கு மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். பார்க்கிற யாருக்கும் வயிற்றைக் கலக்கும். நடந்தது என்னவென்றால், உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது. பாய்ந்ததும் கம்பியில் உள்ள இரும்பு அரித்துத் தண்ணீரில் இறங்குகிறது. டம்ளரில் மிதப்பதில் பெரும்பகுதி அந்தக் கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயவில்லை, அவ்வளவுதான். அதே டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

ஆர்.ஓ.: செலவாவது கரண்ட் அல்ல, தண்ணீர்

ஆர்.ஓ. கருவியில் தண்ணீரை அழுத்தி ஒரு மெம்பரேன் வழியாகத் தள்ளுகிறார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் தங்கும். தங்கிய உப்பு மெம்பரேனை அடைத்துவிடாமல் இருக்க, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீர்தான் பின்னால் இருக்கும் மெல்லிய டியூபில் சிங்குக்குள் ஒழுகுவது. வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் இப்படிப் போவது வழக்கம். நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த டியூபை எடுத்து ஒரு பக்கெட்டில் விட்டுப் பாருங்கள். கருவியின் தொட்டி நிரம்புவதற்குள் பக்கெட் வழிந்துவிடும்.

15 லிட்டருக்கு 45 லிட்டர். ஆண்டுக்கு 16,425 லிட்டர். நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் ஆண்டுக்கு 16 லட்சம் லிட்டருக்கு மேல். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அதில் ஒரு ரயில் சுமந்தது 25 லட்சம் லிட்டர். இரண்டு பெரிய குடியிருப்புகளின் ஆர்.ஓ. கருவிகள் ஓராண்டில் சாக்கடைக்கு அனுப்புவது அப்படி ஒரு முழு ரயிலைவிட அதிகம்.

எனக்கு மிகவும் மனம் பொறுக்காதது தென்சென்னையில் நடப்பது. நெம்மேலியில் கடல்நீரைப் பெரிய ஆர்.ஓ. ஆலையில் உப்பு நீக்குகிறார்கள். இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். அப்படி உப்பு நீக்கி, குழாய் போட்டு நகரத்துக்கு அனுப்பிய தண்ணீரை, வீட்டில் இன்னொரு ஆர்.ஓ.வில் விட்டு, நான்கில் மூன்று பங்கை வெளியே ஊற்றுகிறோம். வீராணம் தண்ணீரும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து வந்து இதே கதிக்கு ஆளாகிறது.

2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைக் கையில் எடுத்தது. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும், மற்ற இடங்களில் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிநீராகக் கிடைக்கும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கடையில் போய் நின்றால் இன்றும் யாரும் உங்கள் வீட்டு டி.டி.எஸ். என்ன என்று கேட்பதில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, உண்மையிலேயே உப்புத் தண்ணீர்தான், ஆர்.ஓ. தவிர வழியில்லை என்றால்? கழிவுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதைத் தொடவே கூடாத விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: உள்ளே போவது 600 டி.டி.எஸ். என்று வைத்துக்கொள்வோம். நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீராகப் பிரிந்ததும், மிச்சம் மூன்று லிட்டரின் டி.டி.எஸ். ஏறக்குறைய 790. குழாயில் வந்ததைவிட மூன்றில் ஒரு பங்குதான் உப்பு கூடியிருக்கிறது. வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு, துணி ஊறவைக்கத் தாராளமாகப் போதும். செடிக்கு மட்டும் யோசிக்க வேண்டும். உள்ளே போவதே 1500 என்றால் வெளியே வருவது 2000 பக்கம் இருக்கும். தொட்டி மண்ணில் நாளடைவில் உப்புப் பூத்து, கறிவேப்பிலை இலை நுனி கருகும். அந்த டியூபைக் கொஞ்சம் நீட்டி, ஒரு டிரம்மில் விட்டு, டிரம்முக்கு ஒரு குழாய் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. தினமும் பக்கெட் தூக்க வேண்டியிருந்தால் பழக்கம் நிற்காது.

இன்னொன்றும் பாருங்கள். சர்வீஸுக்கு வருபவர் டி.டி.எஸ்.ஸை 30, 40 என்று வைத்துவிட்டுப் போவார். அது பெருமை அல்ல. கால்சியம், மெக்னீசியம் எல்லாமும் போய்விட்ட தண்ணீர் அது. உப்பு அளவைக் கூட்டும் திருகு பல கருவிகளில் இருக்கிறது. ஆய்வகச் சோதனையில் புளோரைடு, நைட்ரேட் தொல்லை இல்லை என்று தெரிந்த தண்ணீராக இருந்தால் 150 அளவில் வைக்கச் சொல்லலாம். தண்ணீரின் ருசியும் திரும்பும்.

கேன்: கண்ணில் படாத கழிவு

கேனின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. 20 லிட்டர் கேன் ஒருமுறை குடித்துவிட்டு எறிவது அல்ல, பலமுறை சுற்றி வருகிறது. ஒரு லிட்டர் பாட்டில்களோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் குப்பை மிகக் குறைவு; மூடியும் லேபிளும்தான்.

ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சென்னைக்கு வரும் கேன்களில் பெரும்பாலானவை திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களின் நிலத்தடி நீர். அங்கே போர் போட்டு உறிஞ்சி, ஆலையிலும் ஆர்.ஓ.வில்தான் விடுகிறார்கள். நம் சிங்கில் ஒழுகியிருக்க வேண்டிய கழிவு, இன்னொரு ஊரின் கிணற்றிலிருந்து போகிறது. பக்கத்து விவசாயியின் நீர்மட்டம் இறங்குவதை நாம் பார்ப்பதில்லை. 2020 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உரிமமின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொன்னதும், ஆலைகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். நகரம் எவ்வளவு தூரம் கேனைப் பிடித்துத் தொங்குகிறது என்று அந்த நாட்களில் தெரிந்தது.

இத்தனைக்கும் மேல் 20 கிலோவை வேனில் ஏற்றி, மூன்று மாடி தோளில் தூக்கி வந்து வைக்கிறார் ஒருவர். கேன் 40 ரூபாய் என்றால், சமையலுக்கும் அதையே ஊற்றும் வீட்டுக்கு ஆண்டுச் செலவு பதினோராயிரம் ரூபாய்க்குக் கிட்ட. நான்கு வழிகளில் கைக்காசு அதிகம் கரைவது பெரும்பாலும் இதில்தான். வெயிலில் நின்ற கேன், கீறல் விழுந்து பழுப்பேறிய கேன், சரியாகக் கழுவாத டிஸ்பென்சர் எல்லாம் தனிக் கதை. மாதக் கணக்கில் மட்டுமே ஓர் ஊரில் தங்கும் பிள்ளைகளுக்கும், குழாயே வராத புதுக் குடியிருப்புக்கும் கேன் தவிர வழியில்லை. மற்றவர்கள் விட்டுவிடலாம்.

அடுப்பு: இங்கே செலவு கேஸ்

காய்ச்சுவதில் தண்ணீர் ஒரு சொட்டு வீணில்லை, குப்பை இல்லை, புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. செலவாவது எரிபொருள். இதையும் கணக்குப் போட்டுவிடுவோம். சோறும் குழம்பும் எப்படியும் கொதிக்கப் போகின்றன, ஆகவே அந்தத் தண்ணீரைத் தனியாகக் காய்ச்ச வேண்டாம். குடிக்க மட்டும் 8 லிட்டர் என்று கொள்வோம். மூடி போட்டுக் காய்ச்சினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் இதற்கு மட்டும் 140 நாள் வரும். ஆண்டுக்கு இரண்டரை சிலிண்டர். சிலிண்டர் 900 ரூபாய் என்றாலும் 2,300 பக்கம்தான் ஆகும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், ஆண்டுக்கு 110 கிலோ. இதை இல்லை என்று சொல்ல முடியாது.

கரண்ட் கெட்டிலில் காய்ச்சினால் சுத்தம் என்று நினைக்கலாம். 8 லிட்டருக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, நாளைக்கு அரை கிலோவுக்கு மேல். கேஸில் 300 கிராம்தான். நிலக்கரி மின்சாரம் இந்த அளவுக்கு இருக்கும்வரை கேஸ் அடுப்பே மேல். மாடியில் சோலார் போட்டிருப்பவர்கள் பகலில் கெட்டிலில் காய்ச்சலாம்.

கேஸை மிச்சம் பிடிக்க ஒரே வழி, தேவைக்கு மேல் காய்ச்சாமல் இருப்பது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் கொதிக்கவிடுவது கேஸைத் தின்னுமே தவிரப் பாதுகாப்பைக் கூட்டாது. ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் மூன்று நிமிடம் விடலாம்.

காய்ச்சிய தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பது வீட்டில் எழும் முதல் புகார். கரைந்திருந்த காற்று போய்விட்டதால் அப்படி. காபி ஆற்றுவது போல இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றினால் ருசி வரும். மண்பானையில் ஊற்றி வைத்தால் ஃபிரிட்ஜும் தேவைப்படாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். காய்ச்சும்போது குளோரினும் போய்விடுகிறது. அதன் பிறகு கிருமி நுழைந்தால் தடுக்க எதுவும் இல்லை. கையை முக்கி டம்ளரில் மொண்டால் காய்ச்சியது வீண். குழாய் வைத்த பானையோ, நீளக் கைப்பிடி உள்ள கரண்டியோ வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைக்கவும் கூடாது.

காய்ச்சினால் உப்பும் புளோரைடும் போகாது. கொஞ்சம் ஆவியாவதால் துளி கூடவே செய்யும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. தண்ணீரின் கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டும் அப்படி இறங்குகிறது. புளோரைடு உள்ள ஊரில் காய்ச்சுவதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

யு.வி.: யாரும் பேசாத நல்ல வழி

சிறுவாணி, தாமிரபரணி, மெட்ரோ ஏரித் தண்ணீர் போன்ற உப்பு குறைந்த தண்ணீருக்கு, காய்ச்ச நேரமில்லாத வீட்டுக்கு, இதுவே என் தேர்வு. தண்ணீரை வடிகட்டி, புற ஊதா விளக்குக்கு முன்னால் ஓடவிட்டுக் கிருமியைக் கொல்கிறது. கழிவுத் தண்ணீர் கிடையாது. 40 வாட் கருவி நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் ஆண்டுக்கு 15 யூனிட்தான். விலையும் ஆர்.ஓ.வைவிடக் குறைவு. விளக்கையும் பில்டரையும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது, ஆகவே மழைக்காலத்தில் முன்னால் இருக்கும் பில்டரைக் கவனிக்க வேண்டும். கடையில் இதைக் கேட்டால் ‘இப்பல்லாம் யார் சார் இதை வாங்குறாங்க’ என்று ஆர்.ஓ. பக்கம் இழுப்பார்கள். மீட்டரில் பார்த்த எண்ணைச் சொல்லி, இதையே கேட்டு வாங்குங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

மீட்டர் 500க்குக் கீழ் காட்டி, புளோரைடு மாதிரித் தொல்லை இல்லையென்றால்: யு.வி., அல்லது அடுப்பு. ஏற்கெனவே ஆர்.ஓ. வாங்கி மாட்டியிருக்கிறீர்கள் என்றால், மெம்பரேன் மாற்றும் நேரம் வரும்போது நிறுத்திவிட்டு யு.வி.க்கு மாறலாம். ஆர்.ஓ.வும் யு.வி.யும் சேர்ந்த கருவிகள் சிலவற்றில் ஆர்.ஓ.வை மட்டும் ஒதுக்கும் வசதி இருக்கிறது, சர்வீஸ் செய்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

500க்கும் 1000க்கும் நடுவில் என்றால் கொஞ்சம் சங்கடமான இடம். நாக்கு ஏற்றுக்கொண்டால், ஆய்வக அறிக்கையும் சரியாக இருந்தால், யு.வி.யிலேயே இருக்கலாம். ஏற்கவில்லை என்றால் குடிக்கும் 8 லிட்டருக்கு மட்டும் ஆர்.ஓ.வைப் பயன்படுத்தி, சமையலுக்குக் குழாய்த் தண்ணீரை எடுத்தாலே கழிவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆயிரத்துக்கு மேல், அல்லது புளோரைடு உள்ள ஊர் என்றால் ஆர்.ஓ., கூடவே அந்த டிரம்.

வெளியே போகும்போது வீட்டிலிருந்தே ஒரு பாட்டில். நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களையே தடை செய்து, வழியெங்கும் தண்ணீர் நிரப்பும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். மலையேறிப் போகிறவர்கள் காலிப் பாட்டிலோடு போனால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும் சம்ப்பையும் மேல்தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவிவிடுங்கள். வாரியம் குளோரின் போட்டு அனுப்பும் தண்ணீர் பெரும்பாலும் கெடுவது நம் கட்டடத்துக்குள் வந்த பிறகுதான். மீட்டரையும் ஒருமுறை முக்கிப் பார்த்ததோடு எடுத்து வைத்துவிட வேண்டாம். ஏரித் தண்ணீர் குறைந்து போரும் லாரியும் கூடும் ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் ஒருமுறை பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், கோடையில் மட்டும் ஆர்.ஓ.வைப் போட்டுக்கொண்டு மற்ற மாதங்களில் ஒதுக்கி வைக்கலாம்.